மச்சக் கரண்டில் திரித்த மா

அழுகிய கோவா இலையின் நாற்றம் ஒரு மாதிரி, அழுகிய வெங்காயத்தின் நாற்றம் வேறு மாதிரி. இரண்டும் மழையில் ஊறி, மீன் குடலோடு சேர்ந்து, மேலே ஒரு நாள் வெயிலும் எறித்துவிட்டால் வருகிற நாற்றத்துக்குத் தமிழில் ஒரு சொல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவர்களும் அந்த இடத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்களே தவிர வாயைத் திறக்கவில்லை.

எங்கள் மில் சந்தைக்குப் பின்பக்கம். சுன்னாகம் போலப் பெரிய சந்தை அல்ல. சுற்றியுள்ள தோட்டக்காரர் கொண்டுவருகிற மரக்கறியும், விடிய மயிலிட்டியிலிருந்து வருகிற மீனும் விற்கிற ஊர்ச் சந்தை. அரிசி மா, உழுத்தம் மா, கறித்தூள் எல்லாம் திரித்துக் கொடுப்போம். என் வீட்டுக்காரர் மெசினைப் பார்ப்பார். நான் முன்னுக்கு நின்று நிறுத்து வாங்கி, திரித்ததை அரித்துக் கொடுப்பேன். மில்லின் பின் சுவரோடு ஒரு வெறும் வளவு. வளவுக்காரர் கனடாவில். ஆளில்லாத வளவு என்றால் எங்கள் ஊரில் அது குப்பைக்குச் சீதனமாகக் கொடுத்த காணி. சந்தையில் விலைப்படாதது எல்லாம் அங்கேதான் வந்து விழும். மரக்கறி, மீன் கழிவு, கோயில் வாழைத்தண்டு, கலியாண வீட்டு எச்சில் இலை. ஒருமுறை செத்த நாய்.

நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற பிறவி. மழை வந்தால் கூரைக்குப் பயம், வெயில் அடித்தால் கிணற்றுக்குப் பயம், மெசின் சத்தம் கூடினாலும் பயம், நின்றாலும் பயம். “இஞ்சேர், உனக்குப் பயப்பிட ஒண்டும் கிடைக்காட்டி, ஏன் ஒண்டையும் காணேல்லை எண்டு பயப்பிடுவாய்” என்பார் அவர். ஆனால் பின் வளவைப் பற்றிய பயம் வீண்பயம் அல்ல. சூட்டோடு வருகிற மாவை ஒரு பிடி அள்ளி மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்ப்பது எங்கள் பெண்களின் வழக்கம். அரிசி பதமாக ஊறியதா, கருகியதா என்று மூக்குச் சொல்லிவிடும். அந்த ஒரு பிடியில் பின் வளவு மணத்தால் எங்கள் கதை முடிந்தது. அப்படித்தான் முடிந்துகொண்டும் இருந்தது. ஒவ்வொருவராகச் சுன்னாகத்துக்கு பஸ் ஏறினார்கள். போகிறவர்கள் என்னிடம் சொல்லிக்கொண்டு போவதில்லை. வழியில் கண்டால் மட்டும், “கன நாளா மா திரிக்கேல்லைப் பிள்ளை, இப்ப எல்லாம் பக்கெற் மா தானே” என்பார்கள். கையில் இருக்கிற வாளியை முந்தானையால் மூடிக்கொள்வார்கள்.

பின் யன்னலை நான் ஆணி வைத்து அடித்தே விட்டேன். அப்படியும் இலையான் வந்து மொய்த்தது. மா வெள்ளையாக இருப்பதால் இலையான் இருந்தால் நன்றாகத் தெரியும். ஒரு கையில் நிறுக்கிறதும் மறு கையில் விசுக்குகிறதும்தான் என் சீவியம். வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தால் அந்த நாற்றம் விரலில் இருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் இருக்கும். அது விரலில் இல்லை, உன்ரை மனத்தில்தான் என்று அவர் சொல்லிவிட்டுச் சாப்பிடுவார். அவரால் எப்படிச் சாப்பிட முடிகிறது என்று அதுவும் எனக்கு அருவருப்பாக இருக்கும்.

கரண்ட் வெட்டுக் காலம் முடிந்து, பிறகு பில்லும் ஏறி, மெசினை ஓட்டினால் நட்டம், ஓட்டாவிட்டால் பட்டினி என்று நாங்கள் இருந்தபோதுதான் சந்தைச் சங்கம் தொட்டி கட்டுகிற கதை வந்தது. குப்பையை மூடின தொட்டிக்குள் போட்டுப் புளிக்கவிட்டு, வருகிற வாயுவில் ஒரு எஞ்சினை ஓட்டிக் கரண்ட் எடுப்பதாம். அதைச் செய்ய வந்தவள் ஒரு சின்னப் பெண், இஞ்சினியர். மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த, சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை. காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு பின் வளவுக்குள் இறங்கி, அந்த அழுகலைக் கையால் கிண்டிப் பார்த்தாள். நான் சுவருக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்று சத்தி எடுக்காத குறை.

“பிள்ளை, உது வெடிக்காதே?” என்று கேட்டேன்.

“உங்கடை குசினிச் சிலிண்டரைவிட இது சாது, அக்கா.”

“மணக்காதே?”

“இப்ப மணக்கிறதைவிடவோ?”

அது உண்மைதான். ஆனாலும் கட்டி முடிக்கும்வரை நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. வெடித்தால் முதலில் போவது எங்கள் பின் சுவர். சாணி கரைத்து ஊற்றி, வாயு வருமா வருமா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், வராமல் போகட்டும் என்றும் வரவேண்டும் என்றும் இரண்டு விதமாகவும் நேர்ந்தேன்.

வாயு வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நான் ஏதோ விளம்பரம் செய்கிறேன் என்று நினைப்பீர்கள். சந்தை கூட்டுகிறவர்கள் காலையில் கழிவு முழுவதையும் வெட்டித் தொட்டிக்குள் தள்ளினார்கள். பின் வளவில் போட ஒன்றும் மிஞ்சவில்லை. முதலில் காகம் குறைந்தது, பிறகு நாய், கடைசியாக இலையான். ஒரு நாள் அவர் யன்னலின் ஆணிகளைக் கழற்றினார். யன்னலால் காற்று வந்தது. வெறும் காற்று. முன்பு குப்பை ஏற்றிப் போக ரக்டருக்குச் சங்கம் ஒவ்வொரு கிழமையும் கூலி கொடுக்கும். அந்த ரக்டரும் ஊரைத் தாண்டிக் கடலேரிக் கரையில் கொட்டிவிட்டு வரும், அவ்வளவுதான். அது நின்றது. சந்தை லைற்றும் எங்கள் மெசினும் காலையிலிருந்து பின்னேரம் வரை தொட்டிக் கரண்டில் ஓடின. லைன் கரண்டைவிட மலிவு. நாங்கள்தான் சங்கத்துக்குப் பெரிய வாடிக்கை. நாங்கள் கட்டுகிற கரண்ட் காசில்தான் கூட்டுகிறவர்களின் சம்பளம். தொட்டியிலிருந்து வருகிற கரைசலை வெங்காயத் தோட்டக்காரர் பீப்பாவில் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். உர மூட்டை வாங்க வழியில்லாமல் வரம்பில் குந்தியிருந்தவர்கள் அவர்கள். செம்பாட்டு மண்ணுக்கு அது நல்லாய்ப் பிடித்தது என்றார்கள். தோட்டங்களில் உப்பு உரம் அள்ளி அள்ளிக் கொட்டியதால் எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்கப் பயந்தவள் நான். அது குறைந்தால் எனக்கு ஒரு பயம் குறையும்.

சுன்னாகத்துக்குப் போனவர்கள் திரும்பினார்கள். அதே வாளிகளோடு. “உங்கடை மில் மா போல வராது” என்றார்கள். இத்தனை நாள் பக்கெற் மா தின்ற வாயா இது என்று நினைத்துக்கொண்டு நிறுத்து வாங்கினேன்.

மரக்கறி மட்டும் போட்டால் வாயு போதாது என்று இஞ்சினியர் பிள்ளை மீன் கழிவையும் அளவாகச் சேர்க்கச் சொன்னாள். “கோவா மட்டும் குடுத்தால் கஞ்சி மட்டும் குடிச்ச பிள்ளை மாதிரி, அக்கா. மீனும் கொஞ்சம் போனால்தான் தெம்பு. கூடினாலும் செமியாது.” மீன் குடலும் செதிளும் தலையும் தொட்டிக்குள் போனதால் பின் வளவுக்கு அதுவும் வரவில்லை. நான் சந்தோசப்பட்டேன். அதில் பயப்பட ஒன்று இருக்கிறது என்று எனக்கே தோன்றவில்லை என்றால் பாருங்கள்.

தீபாவளியோடு முடிகிற கேதாரகௌரி விரதம் தொடங்கியது. வருசத்தில் எங்களுக்குத் தைப்பொங்கலுக்கு அடுத்த பெரிய உழைப்பு அதுதான். பலகாரத்துக்கு வீட்டுக்கு வீடு அரிசி ஊறும். அரியதரத்துக்கும் மோதகத்துக்கும் மா திரிக்கப் பெண்கள் தலைமுழுகி, ஈரக் கூந்தலை நுனியில் முடிந்துகொண்டு விடியவே வந்து நிற்பார்கள். அன்றைக்கு முன்னுக்கு நின்றவர் கோயில் மணியகாரரின் மனைவி. ஊரில் எல்லோருக்கும் மாமி. கோயிலுக்கு வேண்டிய மா முழுவதும் அவர் கையால்தான் வரும். மாமி எங்கே திரிக்கிறாரோ அங்கேதான் மற்றவர்களும் திரிப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து மயிலிட்டியிலிருந்து வந்து சந்தையில் மீன் வெட்டுகிற அண்ணை, தன் வீட்டுத் தூளுக்கு வறுத்த மிளகாயோடு வந்து வாசலில் நின்றார். விரதகாரர் நிற்பதால் உள்ளே வரவில்லை. நல்ல மனிசன். வாய்தான் சும்மா இராது.

“தங்கச்சி, மெசின் என்ன இண்டைக்கு இந்தப் பறப்புப் பறக்குது?”

“ஏன் அண்ணை, பறந்தால் நல்லது தானே.”

“பறக்காமல் என்ன செய்யும். நேத்து முழுக்கச் சூடைக் குடல் எல்லோ போட்டது. நீங்கள் நினைக்கிறியள் கரண்ட் திரிக்குது எண்டு. என்ரை மீன் தான் திரிக்குது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. மெசின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து மாமியின் மா வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

“என்ன சொல்லுறான் உவன்?” என்று மாமி என்னைக் கேட்டார். உவன் என்று சொன்னது அந்த அண்ணைக்குக் கேட்டது. அவர் மிளகாய்ச் சட்டியைப் படியில் வைத்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் மெசினை நிற்பாட்டினார்.

“மாமி, கரண்டுக்கு மணமும் இல்லை, குணமும் இல்லை. வயருக்குள்ளாலை மீன் வாறேல்லை” என்றார் என் வீட்டுக்காரர்.

“மணமில்லாட்டி மச்சமில்லையோ? கருவாட்டுச் சட்டியைக் கழுவிப்போட்டு அதிலை பால் காய்ச்சுவியோ நீ?”

“காய்ச்சமாட்டன்.”

“அப்ப?”

மீனும் இறைச்சியும் எங்களுக்கு மச்சம். மச்சம் திரித்த மெசினில் சைவம் திரிக்க முன் ஒரு பிடி அரிசி போட்டு ஓடவிட்டு, அந்த மாவை எறிந்துவிடுவது எங்கள் மில்லின் வழக்கம். மாசிக் கருவாடு திரித்தாலும் அப்படித்தான். அதில் நாங்கள் ஒருநாளும் தவறியதில்லை. மாமிக்கும் அது தெரியும். ஆனால் கரண்டை எந்த அரிசி போட்டுக் கழுவுவது? நானும் மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமி போனால் வரிசை போகும். வரிசை போனால் இந்த விரதம் போகும். இந்த விரதத்து உழைப்பை நம்பித்தான் மெசினைச் சுழற்றுகிற பட்டியைப் புதிதாகக் கடனுக்கு வாங்கியிருந்தோம்.

அந்த இஞ்சினியர் பிள்ளை எங்கேயோ கேள்விப்பட்டு ஓடிவந்தாள். படிப்பித்துவிடலாம் என்று நினைத்தாள், பாவம்.

“அம்மா, லைன் கரண்ட் எண்டாலும் எண்ணெய் எரிச்சும் எடுக்கிறவை. அந்த எண்ணெய் என்ன? எந்தக் காலத்திலையோ கடலிலை செத்த உயிருகள் மண்ணுக்குள்ளை கிடந்து உருகினது தான். பாத்தால் அதுவும் மச்சம்.”

மாமி கொஞ்சமும் யோசிக்கவில்லை. “எந்தக் காலத்திலையோ தானே, பிள்ளை? அந்தத் துடக்கு எப்பவோ கழிஞ்சிருக்கும்.”

“ஓம், முப்பத்தொண்டும் முடிஞ்சுதாக்கும்” என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். செத்தவீடு நடந்த வீட்டில் முப்பத்தோராம் நாள் கிரியையோடு துடக்குக் கழிவதுபோல. பின்னால் நின்ற ஒரு பெண் சிரித்துவிட்டாள். மாமி திரும்பிப் பார்க்க, சிரிப்பு நின்றது.

“வேதக்காரப் பிள்ளைக்கு மச்சமென்ன, சைவமென்ன” என்று யாரோ சொன்னார்கள். அவளுடைய முழங்கை வரை கரைசல் காய்ந்துபோய் இருந்தது. இவர்கள் வீட்டு அழுகல்தான் அது.

கடைசியில் மாமியே வழி சொன்னார். மில்லின் சுவரில் ஒரு சுவிச்சு இருக்கிறது. மேலே தள்ளினால் தொட்டிக் கரண்ட், கீழே தள்ளினால் லைன் கரண்ட். தொட்டியில் வாயு குறைந்தால் மாற்றுவதற்கு வைத்தது. “கீழை போட்டுத் திரி” என்றார். என் வீட்டுக்காரர் கீழே போட்டார். கல்லுக்கு ஒரு பிடி அரிசியும் போட்டு எறிந்தோம். வரிசை அசைந்தது. எனக்கு உயிர் வந்தது. பின்னேரம் எல்லோரும் போனபின் அவர் ஒரு சோக்கட்டியை எடுத்து, சுவிச்சுக்கு மேலே “மச்சம்” என்றும் கீழே “சைவம்” என்றும் எழுதினார். பகிடிக்கு. நான் அழிக்கச் சொன்னேன். “கிடக்கட்டுமன், பாத்துச் சிரிப்பினம்” என்றார்.

அடுத்த நாள் வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. எழுத்தில் இருக்கிறது என்றால் அது உண்மை. “எனக்குச் சைவத்திலை” என்றாள் முதல் வந்தவள். அடுத்தவளும் அப்படி. விரதம் பிடிக்காதவர்களும் அப்படி. அளவெட்டியிலிருந்து கலியாண வீட்டுக்கு மா திரிக்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று, “இஞ்சை சைவக் கரண்டும் இருக்காமே” என்று விசாரித்தார்கள். ஒருத்தி கறிக்குப் போடுகிற மாசியைக் கொண்டுவந்து, “அக்கா, இதைச் சைவக் கரண்டிலை திரிச்சுத் தாங்கோ” என்றாள்.

“மாசி எல்லோ பிள்ளை இது?”

“ஓம். எண்டாலும் ஏன் ஆக மச்சத்திலை?”

அவர் அங்கால் போய் நின்று தலையில் அடித்துக்கொண்டார். நான் சுவிச்சைக் கீழே தள்ளினேன். என் கையே எனக்கு ஊத்தையாகத் தெரிந்தது.

நாள் முழுக்க லைன் கரண்ட் ஓடியது. பில்லை நினைத்து இரவில் எழும்பி உட்கார்ந்தேன். தொட்டிக் கரண்டை எடுக்க ஆளில்லை. மிஞ்சிய வாயுவைச் சும்மா விட்டால் கேடு என்று அந்தப் பிள்ளை ஒரு குழாயால் எரித்துவிட்டாள். பகல் வெளிச்சத்தில் அந்த நீல நெருப்புத் தெரியவும் தெரியாது. கிட்டப் போனால் சூடு மட்டும் முகத்தில் அடிக்கும். ஊரில் உள்ளவனுக்குச் சோறு போடவேண்டியது காற்றுக்குப் போனது.

சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். மணியகாரரும் அதில் ஒரு ஆள். விரதம் முடியும்வரை மீனைத் தொட்டிக்குள் போடுவதில்லை, மரக்கறி மட்டும், தொட்டி சைவத் தொட்டியாக இருக்கட்டும் என்று தீர்மானித்தார்கள். நல்ல தீர்மானம் என்று எல்லோரும் தலையாட்டினார்களாம். மீனை எங்கே போடுவது என்று ஒருவரும் கேட்கவில்லையாம். கேட்பானேன்? எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

விடியப் போய் மில்லைத் திறக்கிறேன், பின் வளவு நிறைய மீன் குடல். ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. திருக்கைத் தோல், கணவாய் மை, தலைகள், வாய் பிளந்து, கண்கள் வெளுத்து. மழைத்தண்ணீரில் எண்ணெய் படர்ந்து பல நிறத்தில் மினுங்கியது. அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு நாளையது. நாய்கள் வந்தன. இவ்வளவு நாள் எங்கே இருந்தனவோ தெரியாது, ஒன்றுக்கு ஆறாக வந்தன. மூன்றாம் நாள் வெயில் எறித்தது. நான் முதலில் சொன்னேனே, அந்தப் பெயர் இல்லாத நாற்றம், அது திரும்ப வந்து எங்கள் மெசினில் ஏறி உட்கார்ந்தது. யன்னலை அடைத்தோம். சுவரின் அடியில் ஈரம் கசிந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. அரிசிதான் சிந்திக் கிடக்கிறது என்று கூட்டப் போனேன். அரிசி நெளிந்தது.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் எழுதாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. அது சுவரில் ஏறும். உப்புப் போட்டேன், கொதிதண்ணீர் ஊற்றினேன், மண்ணெண்ணெய் தடவினேன். ஏறிக்கொண்டே இருந்தது. கோயிலுக்கு என்று மாமி கடைசியாகத் தந்த அரிசியை, சைவக் கரண்டில், கழுவின கல்லில் திரித்து, பின்னேரம் அரிதட்டில் போட்டு அரித்துக்கொண்டிருந்தேன். அரிதட்டில் மிஞ்சிய குறுணியோடு அது ஒன்று கிடந்தது. பிறகு இன்னொன்று. வெளியே ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் போனபிறகும் எடுத்தேன். அந்த மா முழுவதையும் மண்ணில் கொட்டிப் புதைத்தேன். எங்கள் வீட்டு அரிசியை ஊறப்போட்டேன்.

மாமி மா எடுக்க வந்தபோது சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் பொய் சொன்னால் அதற்கும் பயப்படவேண்டும், எனக்கு ஏற்கெனவே இருக்கிற பயமே போதும்.

“மாமி, உங்கடை மாவிலை புழுக் கிடந்தது. பின் வளவிலை இருந்து ஏறினது. நான் கொட்டிப்போட்டன். எங்கடை அரிசியிலை திரிச்சுத் தாறன், நாளைக்கு வாங்கோ.”

மாமி மூக்கைச் சேலையால் பொத்தியிருந்தார். சேலைக்குள்ளாலே கேட்டார்.

“சைவக் கரண்டிலை தானே திரிச்சனீ?”

என்ன கேட்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எனக்கு அதுவரை யாரைப் பார்த்தும் அப்படி அருவருப்பு வந்ததில்லை. நாய் இழுத்துக்கொண்டு போன குடலைப் பார்த்தும் வந்ததில்லை.

“ஓம் மாமி. கரண்ட் சைவம். புழு மட்டும்தான் மச்சம்.”

அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. மாமி படியிறங்கிப் போனார். பின்னாலிருந்து என் வீட்டுக்காரர், “இஞ்சேர், உனக்கு எப்ப உந்த வாய் வந்தது?” என்று கேட்டார்.

“கதைக்காமல் வாங்கோ” என்று சொல்லி, அவரையும் இழுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். நான் ஒருநாளும் அந்தப் படி ஏறியதில்லை. தலைவரும் இன்னும் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கதிரை தந்தும் நான் இருக்கவில்லை. இருந்தால் சொல்ல வந்தது மறந்துபோகும்.

“நாளைக்கு மீன் தொட்டிக்குப் போகவேணும். போகாட்டி நான் மில்லைப் பூட்டுறன்.”

“தங்கச்சி, விரதம் முடியட்டுமன். சனத்தின்ரை மனசு...”

“சனத்தின்ரை மனசு என்ரை சுவரிலை ஏறுது. வந்து பாருங்கோ. மில் பூட்டினால் உங்கடை கரண்டை ஆர் வாங்குறது? கூட்டுற ஆக்களுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது? பிறகு சைவத் தொட்டியும் இல்லை, மச்சத் தொட்டியும் இல்லை. முழுக்க அந்த வளவு தான்.”

தலைவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்து பார்த்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்தார், அப்படியே திரும்பினார். குடித்த தேத்தண்ணி அவருக்கு இறங்கவில்லைப் போலிருந்தது. அடுத்த நாள் காலையில் வளவைச் சுரண்டி எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக, தொட்டிக்குச் செமிக்கிற அளவில் போட்டார்கள். இஞ்சினியர் பிள்ளை கூடவே நின்று அளந்தாள். மயிலிட்டி அண்ணை தானே வாளி தூக்கினார். என்னைக் கண்டபோது, “தங்கச்சி, நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்” என்றார். “நீங்கள் உள்ளது தானே சொன்னனீங்கள், அண்ணை” என்றேன். அவருடைய மிளகாய்ச் சட்டி இன்னும் மில்லின் மூலையில்தான் இருந்தது. திரித்துக் கொடுத்தேன்.

சோக்கட்டி எழுத்தை ஈரத் துணியால் துடைத்தேன். சுவிச்சை மேலே தள்ளி, கம்பி போட்டுக் கட்டச் சொன்னேன். வாயு குறைந்தால் மட்டும் அவிழ்ப்பது, ஆள் கேட்டால் அவிழ்ப்பதில்லை. வருகிறவர்களிடம் நானே முந்திக்கொண்டு சொன்னேன். “இஞ்சை ஒரு கரண்ட் தான். சந்தைக் குப்பையிலை வாறது. மரக்கறியும் இருக்கு, மீனும் இருக்கு. விருப்பமெண்டால் அரிசியை வையுங்கோ.” சிலர் வைத்தார்கள். சிலர் வாளியைத் தூக்கினார்கள். தூக்கினவர்கள்தான் கூட. அந்த விரதம் எங்களுக்குப் பாதி உழைப்புக்கூட இல்லை. பட்டிக்கு வாங்கின கடனைத் தவணையில்தான் கட்டினோம். ஆனால் இலையான் போய்விட்டது. கொதிதண்ணீர் ஊற்றின சுவரில் வெள்ளை அடித்தோம்.

தீபாவளிக்கு முதல் நாள் பின்னேரம் ஒரு ஓட்டோ வந்து நின்றது. கோயில் வீதி ஸ்டாண்டில் ஓடுகிற தம்பி. ஊறவைத்து வடித்த அரிசி ஒரு பெரிய வாளி, வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

“அக்கா, இதைத் திரிக்கவேணுமாம். அவசரமாம்.”

“ஆற்றை?”

“ஒரு வீட்டுக்காரர். பேர் சொல்லவேண்டாமாம்.”

“சுன்னாகத்துக்குப் போகேல்லையோ?”

“அங்கை சனமாம். வரிசை றோட்டுக்கு வந்திட்டுதாம். நாளைக்குப் பூசை, விடியப் பலகாரம் சுடவேணும்.” சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஊரில் இவ்வளவு அரிசிக்குப் பலகாரம் சுடுவது ஒரு வீடுதான்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அரிசியை நிறுத்தேன். கல்லுக்கு ஒரு பிடி அரிசி போட்டு எறிந்தோம், அது எங்கள் வழக்கம், அதை ஆருக்காகவும் விடமாட்டோம். மெசின் ஓடியது. தம்பி சுவரில் கம்பி கட்டின சுவிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, கேக்கச் சொன்னவை. இது லைன் கரண்ட் தானே?”

“இல்லை எண்டு போய்ச் சொல்லு.”

“அப்பிடிச் சொன்னால் உதைத் திருப்பிக் கொண்டுவரவேணும். எனக்கு இன்னும் ரெண்டு ஓட்டம் இருக்கு.” கொஞ்சம் யோசித்தான். “நான் கேக்க மறந்துபோனன் எண்டு சொல்லுறன்.”

“நீ கேட்டனீ. நான் சொன்னனான். பிறகு உன்ரை பாடு.”

மா சூட்டோடு விழுந்தது. நான் ஒரு பிடி அள்ளி மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். அரிசி பதமாக ஊறியிருந்தது, வேறு மணம் ஒன்றும் இல்லை. அரித்து, வாளியில் போட்டு, அந்த வெள்ளைத் துணியாலேயே கட்டிக் கொடுத்தேன். அவன் அதை ஓட்டோவின் பின் சீற்றில் வைத்து, யாரும் பார்க்காமல் மேலே ஒரு பழைய சாக்கையும் போட்டு மூடினான். ஊத்தைச் சாக்கு. கோயில் மாவுக்கு மேலே. அதைக் கண்டு எனக்குக் குமட்டியது. திரிகூலியை வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கையைக் கழுவப் போனேன்.